விக்டோரியாவில் குழந்தைகள் கல்வி டிப்ளமோ: பிளேஸ்மென்ட்டுக்கு இடம் பிடிப்பதிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை

மெல்போர்னுக்கு வந்து குழந்தைகள் கல்வி படிக்கிறவர்கள் வகுப்பில் தடுமாறுவது குறைவு. பிளேஸ்மென்ட்டில், அதாவது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் (சென்டரில்) செய்ய வேண்டிய கட்டாயப் பயிற்சியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இடம் கிடைத்தும் ஒரு சான்றிதழ் வராததால் ஆரம்பிக்க முடியாமல் போவது, மாதக்கணக்கில் வேலை செய்தும் லாக் புக்கில் (பயிற்சி நேரப் பதிவேட்டில்) நேரம் சேராமல் போவது: இரண்டுமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்க்கக்கூடியவை. இந்தக் கட்டுரை சர்டிபிகேட் 3, டிப்ளமோ இரண்டையும் விக்டோரியா மாநிலத்தில் படிப்பவர்களுக்கு. படிப்பு விதிகள் நாடு முழுவதும் ஒன்றுதான். குழந்தைகளோடு பழகுவதற்கான அனுமதி அட்டை போன்ற சில விஷயங்கள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

1. முதலில் நாள் கணக்குப் போடுங்கள்

சர்டிபிகேட் 3-க்கு (பாடக்குறியீடு சி.எச்.சி. 30121) குறைந்தது 160 மணி நேரம். டிப்ளமோவுக்கு (சி.எச்.சி. 50121) குறைந்தது 280 மணி நேரம். டிப்ளமோவில் சேரவே சர்டிபிகேட் 3 வேண்டும். அதனால் இரண்டையும் முடிப்பவர் இரண்டு முறை பிளேஸ்மென்ட் போகிறார்.

காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை நின்றால் எட்டு மணி நேரம் என்று நினைக்காதீர்கள். அரை மணி சாப்பாட்டு இடைவேளை கணக்கில் வராது. ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம்தான். அப்படிப் பார்த்தால் 160 மணிக்கு 22 நாள், 280 மணிக்கு 38 நாள். வாரம் இரண்டு நாள் போகிறவருக்கு டிப்ளமோ பிளேஸ்மென்ட் 19 வாரம் ஓடும். காய்ச்சலுக்கும் பொது விடுமுறைக்கும் இரண்டு வாரம் சேர்த்து வையுங்கள். படிப்பு முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த வாரத்தில் ஆரம்பித்தே ஆக வேண்டும் என்று இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பாடத்திட்டத்தில் கட்டாயமாகப் பதிவாகியுள்ள பிளேஸ்மென்ட் நேரம், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பில் சேராது.

2. பேப்பர்கள்: எட்டு வாரம் முன்னாலேயே

சென்டரைத் தேட ஆரம்பிக்கும் முன்பே இந்த வேலை தொடங்க வேண்டும். எல்லாப் பேப்பரும் கையில் வைத்திருக்கும் மாணவரைத்தான் டைரக்டர் முதலில் எடுப்பார். "அப்ளை பண்ணியிருக்கேன், வந்துடும்" என்பவரின் பெயர் ஒரு பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும்.

ஒர்க்கிங் வித் சில்ட்ரன் செக். மேலே சொன்ன அனுமதி அட்டை இதுதான். இது இல்லாமல் ஒரு மணி நேரம்கூடத் தொடங்க முடியாது. மாநில அரசின் சேவைத் தளமான சர்வீஸ் விக்டோரியா வழியாக ஆன்லைனில் விண்ணப்பம். படிப்புக்கான பயிற்சி என்பதால் வாலண்டியர் வகை போதும், அதற்குக் கட்டணம் இல்லை. ஐந்து வருடம் செல்லும். பலருக்குச் சில வாரத்தில் வந்துவிடும், சிலருக்கு மாதங்கள் இழுக்கும். அதனால்தான் இது முதல் வேலை. சிட்னியில் எடுத்த அட்டையை இங்கே காட்ட முடியாது, விக்டோரியாவுக்குத் தனியாக எடுக்க வேண்டும். எந்த சென்டருக்குப் போகிறீர்களோ அதன் பெயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடம் மாறினால் உடனே மாற்றுங்கள்.

நம் பெயர்கள் இங்கே பெரிய தடை. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' காலியாக இருக்கிறவர்கள், இனிஷியலை விரித்து அப்பா பெயர் போட்டவர்கள், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் சேர்த்தவர்கள் எல்லாரும் கவனியுங்கள். ஒரு இடத்தில் முழுப் பெயர், இன்னொரு இடத்தில் இனிஷியல், மூன்றாவதில் முன்பின் மாறிய பெயர் என்று கொடுத்தால் சரிபார்ப்பு நின்றுவிடும். விசாக் கடிதத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கல்லூரிச் சேர்க்கை, போலீஸ் செக், முதலுதவிச் சான்றிதழ், லாக் புக் எல்லாவற்றிலும் எழுதுங்கள். கல்லூரிப் பதிவில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்தக் கேளுங்கள். சான்றிதழ் அச்சான பின் திருத்துவது பெரும்பாடு.

போலீஸ் செக். தேசிய அளவிலானது. சுமார் 40 முதல் 60 டாலர். இதை மட்டும் ரொம்ப முன்னால் எடுத்து வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்ததுதான் வேண்டும் என்று சில சென்டர்கள் கேட்கும், சில ஒரு வருடம் வரை ஏற்கும். புதிதாக வந்தவர்களிடம் சொந்த நாட்டு போலீஸ் சான்றும் கேட்பதுண்டு. ஊரிலிருந்து கிளம்பும் முன் எடுத்த பி.சி.சி. இருந்தால் அதன் நகலைத் தூக்கிப் போடாதீர்கள்.

முதலுதவிப் பயிற்சி. சாதாரண முதலுதவிச் சான்றிதழ் போதாது. குழந்தைகள் கல்வி இடங்களுக்கென்று உள்ள எச்.எல்.டி. எய்ட் 012 வேண்டும். ஆஸ்துமா, அனாபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) இரண்டும் அதற்குள் அடங்கும். 100 முதல் 150 டாலர் ஆகும். பாதி ஆன்லைன், பாதி நேரில். நேரில் போகும்போது பேன்ட் போட்டுப் போங்கள். பெரியவர் பொம்மையைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, நிறுத்தாமல் இரண்டு நிமிடம் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுத்து உயிர் காக்கும் முறை) செய்து காட்ட வேண்டும். குழந்தைப் பொம்மைக்கும் இரண்டு நிமிடம். சான்றிதழை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், அதில் சி.பி.ஆர். பகுதியை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும்.

தடுப்பூசிப் பதிவு. பலர் கடைசியில் கவனிப்பது இதைத்தான். அதிக நாள் பிடிப்பதும் இதுதான். இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுபவை: கக்குவான் இருமல், எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி), சின்னம்மை, ஹெபடைட்டிஸ் ஏ, வருடாந்தர ஃப்ளூ ஊசி. எம்.எம்.ஆர். இரண்டு தவணைக்கு இடையே குறைந்தது நான்கு வாரம், சின்னம்மைக்கும் அப்படியே. ஹெபடைட்டிஸ் ஏ இரண்டாம் தவணைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். முதல் தவணை போட்டிருந்தால் பெரும்பாலும் தொடங்க விடுவார்கள்.

தமிழ்நாட்டில் 90-களில் பிறந்தவர்களுக்கு அரசு முகாமில் இந்த எம்.எம்.ஆர். மூன்றில் போட்டது தட்டம்மை ஊசி மட்டுமே. ரூபெல்லா சேர்ந்த ஊசி அங்கே வந்ததே 2017-இல்தான். ஆகவே "சின்ன வயசுல எல்லாம் போட்டாச்சு" என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம். ஜி.பி. டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் போட்டதற்குச் சீட்டு இருந்தால், அதை ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றித் தரும்படி கேளுங்கள். மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) இல்லாதவர்களும் தனி ஹெல்த் அடையாள எண் எடுத்துப் பதிவேற்றலாம். மாணவர் காப்பீடு ஊசி விலையை முழுதாகத் தராது. என்ன திரும்பக் கிடைக்கும் என்று முன்னால் கேட்டுவிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், திட்டமிடுபவர்கள் டாக்டரிடம் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் கர்ப்பத்தில் போடக்கூடாத ஊசிகள். சின்னக் குழந்தைகளின் எச்சில், சிறுநீர் வழியே பரவும் சி.எம்.வி. கிருமியும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து. பேபி ரூமுக்குப் பதில் பெரிய குழந்தைகள் அறையில் தொடங்க முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கல்லூரி தர வேண்டியவை. பிளேஸ்மென்ட் ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, லாக் புக், சூப்பர்வைசர் நிரப்ப வேண்டிய படிவம். இவற்றை பி.டி.எஃப்.-ஆக வாங்கி, மேலே சொன்னவற்றோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

3. சென்டரைத் தேர்ந்தெடுப்பது

சட்டப்படி அனுமதி பெற்ற இடத்தில் செய்த நேரம் மட்டுமே செல்லும். அம்மாக்கள் கூடவே உட்காரும் பிளேகுரூப்பில் நூறு மணி நேரம் உதவினாலும் கணக்கில் வராது. அசெக்வா என்ற தேசிய அமைப்பின் பதிவேட்டில் உங்கள் பகுதியின் பெயரைப் போட்டால் எல்லா சென்டர்களும் தர மதிப்பீட்டோடு வரும். 'மீட்டிங்' (தரத்தை எட்டியது) அல்லது 'எக்சீடிங்' (தரத்தைத் தாண்டியது) என்று இருப்பவற்றை முதலில் எடுங்கள். 'வொர்க்கிங் டுவர்ட்ஸ்' (தரத்தை இன்னும் எட்டவில்லை) என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அங்கே உங்களுக்குச் சொல்லித்தர ஆளுக்கு நேரம் இருக்குமா என்று விசாரியுங்கள்.

லாங் டே கேர் (நாள் முழுக்கத் திறந்திருக்கும் காப்பகம்), கிண்டர் (பள்ளிக்கு முந்தைய வகுப்பு) இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் நாள் கணக்கையே மாற்றும். தனியாக இயங்கும் கிண்டர் பெரும்பாலும் ஒரு குழுவுக்கு வாரம் 15 மணி நேரம் நடக்கும், பள்ளி விடுமுறையில் மூடிவிடும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தைகள் இருக்க மாட்டார்கள். உங்கள் பாடத்தில் பேபி, டாட்லர் (நடை பழகும் குழந்தை) பராமரிப்பைச் செய்து காட்ட வேண்டிய பகுதி உண்டு. கிண்டரில் மட்டும் நேரத்தை முடித்துவிட்டு, கடைசியில் பேபி ரூம் தேடி அலைகிறவர்கள் நிறைய. முதல் பிளேஸ்மென்ட்டுக்கு லாங் டே கேர்தான் சரி என்பது எங்கள் கருத்து. பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரை ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள்.

வீட்டிலிருந்து ஒரே பஸ் அல்லது ஒரே ரயில் தூரத்தில் பாருங்கள். காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கே ஆரம்பிக்கலாம்.

4. கேட்பது எப்படி

இருபது சென்டருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் பதில் வராது. நேரில் போங்கள், அல்லது போன் செய்யுங்கள். காலை எட்டு முதல் ஒன்பதரை வரையும், மாலை மூன்றரைக்கு மேலும் வேண்டாம். பெற்றோர் வந்துபோகும் நேரம் அது. பத்தரை மணிவாக்கிலோ, குழந்தைகள் தூங்கும் மதியம் ஒன்று முதல் இரண்டு மணிக்குள்ளோ பேசுங்கள்.

பேச்சில் ஐந்து விஷயம் வந்துவிட வேண்டும்: பெயர், எந்தப் படிப்பு, எத்தனை மணி நேரம், எந்தக் கிழமைகள், எல்லாப் பேப்பரும் தயார் என்பது. டைரக்டரை 'மேடம்' என்று அழைக்க வேண்டாம். இங்கே எல்லாரும் முதல் பெயர்தான். "எந்த நாள்னாலும் பரவாயில்லை" என்பது நம் ஊரில் பணிவு. இங்கே அது நீங்கள் திட்டமிடவில்லை என்று கேட்கும். "செவ்வாயும் வியாழனும் வருகிறேன்" என்று திட்டமாகச் சொல்லுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் கேட்டு ஏமாறாதீர்கள். ஊழியர் விடுப்பு, புது வருடக் குழந்தைகள் பழகும் நேரம் என்று யாருக்கும் கை ஒழியாது. பிப்ரவரி கடைசி முதல் நவம்பர் வரை நல்ல காலம்.

பணம் கேட்கும் ஏஜென்ட். பிளேஸ்மென்ட் வாங்கித் தருகிறேன், மணி நேரத்துக்குக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடமிருந்து விலகிவிடுங்கள். பயிற்சி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அஸ்குவா அமைப்பு, ஒழுங்காகக் கற்பிக்காமல் பட்டம் கொடுத்த நிறுவனங்களை மூடியதோடு, 2024-இன் இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்களின் சான்றிதழ்களையும் ரத்து செய்திருக்கிறது. குழந்தைகள் கல்விச் சான்றிதழ்களும் அதில் உண்டு. போகாத நாளுக்கு வாங்கிய கையெழுத்து வருடங்கள் கழித்தும் உங்கள் வேலையைப் பறிக்கும்.

5. முதல் நாளுக்கு முன்

ஒப்பந்தத்தில் கல்லூரி, சென்டர், நீங்கள் என்று மூவரும் கையெழுத்திட்ட பிறகுதான் மணி ஓடத் தொடங்கும். அதற்கு முன் "சும்மா வந்து பாருங்க" என்று அழைத்த நாளை லாக் புக்கில் எழுத முடியாது.

மூடிய ஷூ, முட்டியை மூடும் பேன்ட், தோளை மூடும் சட்டை, அகன்ற விளிம்புள்ள தொப்பி. யு.வி. (புற ஊதாக் கதிர்) அளவு 3-ஐத் தொட்டால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் வெளியே விளையாட்டுப் பகுதிக்குப் போக முடியாது. வெளியே போக 20 நிமிடம் முன்னால் தடவ வேண்டும். வளையலையும் தொங்கும் ஜிமிக்கியையும் கழற்றி வையுங்கள். குழந்தை கையில் சிக்கினால் இருவருக்கும் காயம். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டு டப்பாவில் கவனம் வேண்டும். பெரும்பாலான சென்டர்களில் கொட்டை வகைகளுக்குத் தடை. வேர்க்கடலைச் சட்னி, முந்திரி போட்ட பொங்கல், கடலை உருண்டை எதுவும் உள்ளே வரக்கூடாது. உங்கள் கையால் ஒரு பிஸ்கட்கூட எந்தக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். முட்டை, பால் எதற்கு யாருக்கு ஒவ்வாமை என்ற பட்டியல் சமையலறையிலும் அறையிலும் ஒட்டியிருக்கும். முதல் நாள் வாசிக்க வேண்டியது அதுதான்.

போனை லாக்கரில் வையுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து விக்டோரியாவில் குழந்தைகளோடு இருக்கும்போது படம் எடுக்கக்கூடிய சொந்தக் கருவி எதையும் வைத்திருக்க அனுமதி இல்லை. அசைன்மென்ட்டுக்கென்றாலும் சொந்தப் போனில் குழந்தையைப் படம் எடுத்தால் அன்றே பிளேஸ்மென்ட் முடிந்துவிடும்.

6. அறைக்குள்

விக்டோரியாவில் மூன்று வயதுக்குக் கீழே நான்கு குழந்தைக்கு ஒரு ஆசிரியர், அதற்கு மேல் பள்ளி வயது வரை 11 குழந்தைக்கு ஒருவர். சம்பளமில்லாத மாணவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார். உங்களைக் குழந்தைகளோடு தனியே விடக்கூடாது. "ரெண்டு நிமிஷம் பாத்துக்கோ" என்று ஒருவர் கிளம்பினால், "நான் ஸ்டூடன்ட், இன்னொருவர் வரட்டும்" என்று சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். இது குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

நாப்பி (டயப்பர்) மாற்றுவதில் எல்லாப் புதியவர்களும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வரிசை இது: கை கழுவுங்கள், பாயின் மேல் பேப்பர் விரியுங்கள், கையுறை போடுங்கள். அழுக்கு நாப்பியை எடுத்து, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். இப்போது கையுறையைக் கழற்றுங்கள். அதன் பிறகுதான் புது நாப்பியைத் தொட வேண்டும். அழுக்குக் கையுறையோடு புது நாப்பியை ஒட்டிவிட்டு, அதே கையால் குழந்தையின் சட்டையையும் இழுத்துவிடுவதுதான் அந்தத் தவறு. வயிற்றுப்போக்கு அறை முழுக்கப் பரவுவது இப்படித்தான். உடை மாட்டி, குழந்தையின் கையையும் கழுவி, பாயைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, கடைசியில் உங்கள் கையைக் கழுவுங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு கை குழந்தையின் மேல் இருக்கட்டும். தேவையானது எல்லாம் முன்னாலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அது முடியும்.

தூங்க வைக்கும்போது பேபியை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், முகம் மூடாமல். குப்புறப் போட்டுத் தட்டிக் கொடுக்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே கூடாது.

அன்பு காட்டும் முறையும் வேறு. கன்னத்தைக் கிள்ளுவது, முத்தம் கொடுப்பது, கேட்காமல் தூக்குவது வேண்டாம். அடிப்பது, மிரட்டுவது, சாப்பாட்டைக் கட்டாயப்படுத்தி ஊட்டுவது ஆகியவை குழந்தைகள் கல்விக்கான தேசியச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் குற்றம் ஆகக்கூடியவை. அது மாணவருக்கும் பொருந்தும். "ஓடாதே" என்பதற்குப் பதில் "உள்ளே நடந்து போகலாம்" என்று, செய்ய வேண்டியதைச் சொல்லிப் பழகுங்கள். தமிழ் பேசும் குழந்தை இருந்தால், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அதனோடு தமிழில் பேசுங்கள். வந்த புதிதில் அழுகிற குழந்தைக்கு "அம்மா சாயங்காலம் வந்துருவாங்க" என்ற ஒரு வரி போதும். எந்தச் சான்றிதழும் தராத திறமை அது, அதை ஒளிக்க வேண்டாம்.

7. அப்சர்வேஷன் எழுதுவது

அப்சர்வேஷன் என்பது ஒரு குழந்தை செய்வதைக் கவனித்து எழுதும் குறிப்பு. பெற்றோரின் அனுமதி இருக்கிற குழந்தையைத் தேர்ந்தெடுங்கள். பெயருக்குப் பதில் ஒரு எழுத்து, வயதை வருடம் மாதமாக. "ம. மண்ணில் மகிழ்ச்சியாக விளையாடினாள்" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிடுவார். கண்ணால் கண்டதை எழுதுங்கள்:

"ம., 2 வயது 4 மாதம். காலை 10.10, மணல் தொட்டி. கோப்பையில் காய்ந்த மணலை நிரப்பிக் கவிழ்த்தாள், சரிந்தது. இரண்டாம் முறையும் சரிந்தது. எழுந்து போய்க் குழாயடியில் ஈர மணலை இரு கையாலும் அள்ளி வந்தாள். கவிழ்த்துவிட்டு மூன்று முறை தட்டினாள். கோப்பையைத் தூக்கியதும் 'ஸ்டே!' என்றாள்."

இதன் கீழே விளக்கம் வரட்டும்: சரிந்த காரணத்தைத் தானே கண்டுபிடித்து மாற்றிச் செய்கிறாள். தேசியக் கல்விச் சட்டகத்தின் ஐந்து விளைவுகளில் இது நான்காவது, கற்பதில் ஈடுபாடு. அடுத்து நீங்கள் என்ன வைப்பீர்கள்: வெவ்வேறு அளவுக் கோப்பைகள், ஒரு சின்னக் குடத்தில் தண்ணீர். பார்த்தது, பொருள், அடுத்தது என்ற இந்த மூன்றும் இருந்தால் திரும்பி வராது. அன்றைக்கே எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்து எழுதினால் "மகிழ்ச்சியாக" மட்டும்தான் நினைவில் இருக்கும்.

8. லாக் புக்

வந்த நேரம், போன நேரம், இடைவேளை, அறை, கையெழுத்து. இதைத் தினமும் முடியுங்கள். சென்டரும் மாணவர் வந்த தேதியையும் நேரத்தையும் தன் பதிவில் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அதனால் வாசலில் உள்ள பதிவிலும் மறக்காமல் எழுதுங்கள். வாரக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கலாம் என்று விட்டால், அந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போயிருப்பார். இந்தத் துறையில் ஆள் மாறுவது அவ்வளவு சகஜம். ஒவ்வொரு வெள்ளியும் வீட்டுக்கு வந்து பக்கங்களை ஸ்கேன் செய்து வையுங்கள்.

9. செலவு

போலீஸ் செக், முதலுதவி, தொப்பி, ஷூ எல்லாம் சேர்த்து 200 முதல் 300 டாலர். ஊசிச் செலவு தனி. பயணத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை: மைக்கி (பஸ், ரயில், டிராம் பயண அட்டை) முழுக் கட்டணம் 2025-இல் நாளொன்றுக்கு 11 டாலராக இருந்தது. அந்தக் கணக்கில் 38 நாளைக்கு 418 டாலர். டிப்ளமோ பிளேஸ்மென்ட்டுக்குச் சம்பளம் கிடையாது. 2025 ஜூலையில் வந்த அரசின் பிராக் பேமென்ட் (பயிற்சிக் கால உதவித்தொகை), ஆசிரியர் பட்டம் போன்ற சில படிப்புகளில் இருக்கும் உள்நாட்டு மாணவர்களுக்கானது. இந்த டிப்ளமோ படிப்பவர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் அது வராது.

10. இடையில் சிக்கல் வந்தால்

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்ற பிறகு குறைந்தது 24 மணி நேரம் போகக்கூடாது. காலையில் ஷிஃப்டுக்கு முன்பே போன் செய்யுங்கள், மெசேஜ் மட்டும் போதாது. கல்லூரிக்கும் தெரிவியுங்கள்.

நாள் முழுக்கத் தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டுமே விட்டால், முதல் வாரத்திலேயே லாக் புக்கின் பணிப் பட்டியலைக் காட்டி "இந்த வாரம் இவற்றைச் செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். சுத்தம் செய்வதும் வேலையின் ஒரு பகுதிதான். ஆனால் அது மட்டுமே வேலையாகக் கூடாது. மாறவில்லை என்றால் பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

ஒரு குழந்தையின் உடலில் காயமோ, யாராவது தவறாக நடத்துவதோ கண்ணில் பட்டால், அன்றைக்கே டைரக்டரிடம் சொல்லிவிட்டு, பார்த்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். குழந்தையிடம் துருவிக் கேட்காதீர்கள். "நான் வெறும் ஸ்டூடன்ட்" என்று விலகுவது மட்டும் கூடாது.

11. கடைசி வாரம்

சூப்பர்வைசர் நிரப்ப வேண்டிய படிவத்தைக் கடைசி நாளில் நீட்டாமல், பத்து நாள் முன்பே கொடுங்கள். மொத்த மணி நேரத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள். 279 என்று வந்தால் மறுபடி ஒரு நாள் வர நேரும்.

நல்லபடியாகச் செய்தவரை அதே சென்டர் கேஷுவல் வேலைக்குக் கூப்பிடுவது வழக்கம். சந்தோஷத்தில் மறுநாளே ஷிஃப்டுக்குப் போய்விடாதீர்கள். இலவசமாக எடுத்த வாலண்டியர் அட்டையில் சம்பள வேலை செய்வது சட்டமீறல். முதலில் சர்வீஸ் விக்டோரியாவில் கட்டணம் கட்டி எம்ப்ளாயி வகைக்கு மாற்றுங்கள், மாணவர் விசாவில் இருந்தால் 48 மணி நேர வரம்பு இனி இந்த ஷிஃப்டுகளுக்குப் பொருந்தும் என்பதையும் டைரக்டரிடம் சொல்லிவிடுங்கள்.